கொடுக்காத சீட்டு

எங்கள் சபையில் தரிசனம் சொல்வது டோர்காஸ் அம்மா. அதை எழுதுவது நான். பரிசுத்த ஆவி இறங்கிப் பேசும்போது என்ன சொன்னோம் என்பது அவருக்கே நினைவிருக்காது. "நானா சொன்னேன்?" என்று கேட்பார். அதனால் பதினோரு வருஷமாக, சபை வழக்கப்படி வெள்ளை அங்கியும் வெறுங்காலுமாக, அவர் பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன். யாரைப் பற்றிய தரிசனமோ, அவர் கையில் சீட்டைச் சேர்ப்பதும் என் வேலைதான். வரப்போகும் கெடுதி முதலில் இருக்கும். அது விலக எத்தனை நாள் உபவாசம், எந்தச் சங்கீதம் என்பது அடியில் இருக்கும். ஒண்டோ ஊரில் எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டில் என் கையெழுத்து இருக்கிறது.

அறுப்பின் பண்டிகைக்கு ஏழு வாரம் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை டோர்காஸ் அம்மா உடம்பு குலுங்கச் சொன்னார்: "தையல் மெஷின் ஓடுது. லாடிப்போ உக்காந்து தைக்கிறான். பண்டிகைக்கு முன்னாடி அவன் வாயில கள்ளு நுரை பாக்கிறேன்."

லாடிப்போ என் புருஷன், தையற்காரர். ஒரு காலத்தில் தைக்கிற கை நடுங்கும் அளவுக்குக் குடித்தவர். மூன்று வருஷமாக ஒரு சொட்டுத் தொடவில்லை.

கடைசி வரிவரை எழுதி முடித்தேன். சீட்டை நான்காக மடித்து, வீட்டுக்கு வந்து மரவள்ளி மாவு டப்பாவுக்குள் புதைத்தேன். சொன்னால் மனசு உடைந்து குடித்துவிடுவார் என்று பயம். சேவல் கூவுமுன் மறுதலிப்பாய் என்று ஆண்டவரே பேதுருவிடம் நேரில் சொன்னாரே, தடுத்ததா? நானே காவலிருந்து தடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். என் பிழைப்பு அப்படித்தான் கெட்டது.

சந்தையில் இருந்த மெஷினை வீட்டு முன்னறைக்கு மாற்ற வைத்தேன். அவருடைய பழைய சிநேகிதர்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். பட்டன் வாங்கப் போனாலும் பின்னாலேயே போனேன். ஒருநாள் பாடகர் குழுவின் அங்கிக்கு அளவு கொடுக்க ஆட்கள் நிற்கும்போதே, "எங்க, வாயை ஊதுங்க" என்றேன். அளவு கொடுக்க நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவர்கள் போனபின் கேட்டார்: "மூணு வருஷமா நான் தொடலைன்னு ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் ஏன் சந்தேகம், டேயோ அம்மா?" டேயோ எங்கள் ஒரே மகள்.

"ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்றேன். சீட்டைக் கொடுக்க அதைவிட நல்ல சமயம் வாய்த்திருக்காது. நான் அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு, பட்டப்பகலில், வெட்டிக்கொண்டிருந்த துணிமேல் கத்தரியை வைத்துவிட்டு எழுந்து போனார். நான் குழம்பு கிளறிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து நேராக என் முகத்துக்கு எதிரே நின்றார். மீசையில் நுரை காய்ந்திருந்தது.

"இந்தா, ஊதுறேன். நல்லா மோந்து பாரு."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மாவு டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். "நான் என்ன செய்ய? அஞ்சு வாரம் முன்னாடியே ஆண்டவர் பாத்துட்டார்! எழுதியே வச்சிருக்கு!"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இது என் தப்பில்லை என்கிற நிம்மதி.

மாவிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார். "எழுத்து ஆடுது. நீயே படி" என்றார்.

படித்தேன். நுரையைப் படித்தேன். அடி வரிக்கு வந்ததும் குரல் இறங்கிவிட்டது. "சீட்டை அவன் கையில் கொடு. மூன்று நாள் உபவாசம், ஐம்பத்தோராம் சங்கீதம். விலகும்."

"எத்தனை நாள்?"

"மூணு."

"மூணே நாளா?" மாவு சிதறிய தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மூணு வருஷம் இருந்தவன் மூணு நாள் இருக்கமாட்டேனா, டேயோ அம்மா?"

இருக்கமாட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதை எந்தத் தரிசனமும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாள் காலை டோர்காஸ் அம்மா வீட்டுக்குப் போனேன். பயறு வடை சுட்டுக்கொண்டிருந்தார்.

"நான் ஒளிச்சு வைப்பேன்னு ஆண்டவருக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம இருக்குமா?"

"தெரிஞ்சே ஏன் என் கையில கொடுத்தார்? ஆழம் பாக்கவா?"

அவர் வடையைத் திருப்பிப் போட்டார். "நான் சொல்றதை நீ எழுதறே. நீ எழுதினதாலயா நான் சொன்னேன்?"

"இல்ல."

"அதே மாதிரிதான். அவர் பாத்ததாலயா நீ ஒளிச்சே?"

அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் விடவில்லை. "விலகும்னு சொன்னாரே. விலகாதுன்னும் அவருக்குத் தெரியும். அப்ப அந்த வரி பொய்யா?"

எண்ணெய் புகையத் தொடங்கியது. சட்டியை இறக்கி வைத்தார். "அது எனக்குத் தெரியாது மகளே. எனக்குக் காட்டினதைத்தான் சொல்றேன்" என்றார். அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க எனக்குப் பயம் இன்னும் கூடியது.

வீட்டுக்குத் திரும்பினால், என் புருஷன் மெஷின்முன் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடியே இருந்தது. மெஷின் மேல் சீட்டு.

"நாள் தவறின சீட்டு பலிக்குமா?" என்றார்.

பதினோரு வருஷம் எழுதியவள் நான். எனக்குத் தெரியவில்லை. சோற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு நானும் சாப்பிடாமல் இருந்தேன்.

உபவாசத்தின் மூன்றாம் நாள் சாயங்காலம் சட்டையை மாட்டினார். "வெள்ளை நூல் தீந்துபோச்சு. வாங்கிட்டு வரேன்" என்றார். நூல் கடைக்கு ஒரே வழிதான்; கள்ளுக் கொட்டகையைத் தாண்டித்தான் போகவேண்டும். வாசலில் நின்று திரும்பினார். "பின்னாடி வராதே, டேயோ அம்மா."

அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்தேன். அவர் என்ன செய்வார் என்று மேலே இருப்பவருக்குத் தெரியும். நான் எழுந்து ஓடுவேனா என்பதும் தெரியும். எனக்கு இரண்டும் தெரியாது. வாசற்படியில் உட்கார்ந்து, கதவு நிலையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.