ஆளுக்கு இரண்டு விரால்

நாவலடிக் குளக்கட்டில் நிற்கும் பலகையில் சட்டங்களை எழுதியவள் பத்மாசினி. குளத்து நன்னீர் மீன்பிடிச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். வலை கூடாது, தூண்டில் மட்டும். ஒரு முழத்துக்குக் குறைந்த விராலைத் திருப்பி விட வேண்டும். ஒரு நாளைக்கு ஆளுக்கு இரண்டு. இவ்வளவுதான் சட்டம். இதற்கே கொடிகாமம் சந்தை தோற்றுப்போகும் இரைச்சல். யாருடைய முழம் என்பதிலேயே ஒரு கூட்டம் முழுக்கக் கழிந்தது. சங்கத் தலைவர் நடராசாவுக்கு நீண்ட கை. அந்த முழத்துக்கு விரால் வளர வேண்டுமென்றால் குளம் காணாது, கடல்தான் வேண்டும் என்றார்கள். கடைசியில் பத்மாசினியின் கையை அளந்து ஒரு பூவரசந் தடி வெட்டிப் பலகையோடு கட்டித் தொங்கவிட்டார்கள்.

“மாரி காலத்துக்கும் ஒரு வரி எழுதுவமோ, பிள்ளை? விரால் குஞ்சு பொரிக்கிற காலமெல்லோ,” என்று நடராசா அன்றைக்குக் கேட்கத்தான் கேட்டார்.

பத்மாசினி சிரித்துவிட்டாள். “ஐப்பசி வெள்ளி, கந்தசட்டி, பிள்ளையார் கதை, திருவெம்பாவை எண்டு மச்சச் சட்டியைக் கழுவி வெளியிலை கவிழ்த்து வைக்கிற ஊர் இது. அந்த நேரத்திலை ஆரண்ணை தூண்டிலோடை வரப்போகினம்?”

எல்லோரும் சிரித்தார்கள். மீன் வாடையே வீட்டுக்குள் வரக்கூடாத மாதங்களுக்குத் தனியாக ஒரு சட்டமா? அந்த வரி எழுதப்படவில்லை.

தங்கூசி நைலோன் வலை போட்டு அரித்து விரால் வம்சமே அற்றுப்போயிருந்த குளம் அது. அதை நம்பியிருந்த ஏழெட்டு வீடுகளில் பத்மாசினியின் வீடும் ஒன்று. திலாப்பியாவைத் தவிர அவர்களுக்கு வேறு கதியில்லை. விரால் திரும்பிப் பெருகினால் அந்த வீடுகள் நிமிரும் என்று அவள் நம்பினாள். அதற்காக ஊரோடு பகைத்தாள். கணவன் பிடித்த விரால் தடிக்கு ஒரு விரற்கடை குறைந்தபோது, அவன் கையிலிருந்தே பறித்துத் தண்ணீரில் விட்டாள். அவன் அன்றிரவு வெறும் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனான். ஊர் அவளுக்கு ‘விரால் பொலிஸ்’ என்று பெயர் வைத்தது. வைக்கட்டும், மீன் வந்தால் வாயை மூடுவார்கள் என்று பொறுத்துக்கொண்டாள்.

மூன்று வருடம் கழித்து இந்த ஐப்பசியில், தாமரைக் கரையோரம் தண்ணீரின் மேல் சிவப்பாய் ஒரு கூட்டம் கொதித்துக்கொண்டிருந்ததைக் கண்டாள். விரால் குஞ்சுகள். கீழே தாயும் தகப்பனும் இரண்டு கறுப்பு நிழல்களாய்க் காவல் சுற்றின. அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. மனதுக்குள் வைத்திருக்க முடியாமல், கனடாவிலிருந்து கந்தசட்டி விரதம் பிடிக்க வந்திருந்த தமையன் சிவகரனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். சொன்ன வாயை என்ன செய்ய!

மூன்றாம் விரதத்தன்று அவள் குளக்கட்டுக்குப் போனபோது, சிவகரன் புத்தம் புதுத் தூண்டிலும் றீலுமாய், நெற்றியில் திருநீறோடு, முழங்காலளவு தண்ணீரில் நின்றான். அவனுடைய கூட்டாளி கரையில் நின்று ஃபோனில் படம் எடுத்தான். பக்கத்திலிருந்த பேசின் தண்ணீருக்குள் இரண்டு விரால்கள் தலையால் மோதின.

“பாரடி பத்மா, பிளாஸ்ரிக் தவளைக்கு என்ன பாய்ச்சல் பாயுது! பசி போலை.”

“பசியில்லை அண்ணை, குஞ்சைக் காக்கிறதுக்குப் பாயுது. உடனை விடுங்கோ!”

“விடத்தானே போறன். நான் விரதகாரன், தின்னவே பிடிச்சனான்? இது விளையாட்டு. அளந்து, படமெடுத்து, உயிரோடை விடுறது.” பலகையைக் காட்டினான். “உன்ரை தடியாலை அளந்தனான், ரெண்டும் முழத்துக்கு மேலை. ஆளுக்கு ரெண்டு, ரெண்டுதான் பிடிச்சனான். மாரியிலை பிடிக்கக்கூடாதெண்டு இதிலை எங்கை கிடக்கு?”

எங்கும் கிடக்கவில்லை. எழுதாமல் விட்டவள் அவள்தான். பேசினைத் தூக்கப் போனாள்.

“பொறு, வீடியோ ஒண்டு கிடக்கு. அங்கையிருந்து பாக்கிற சனம் வடிவாய்ப் பாக்கட்டும்,” என்று கையைப் பிடித்து நிறுத்தினான். மூத்த அண்ணன். தகப்பன் செத்த பிறகு அவளைக் கட்டிக் கொடுத்தவன். கை ஓங்க முடியுமா? நின்றாள். தாமரைக் கரையில் காவலற்ற குஞ்சுகள்மேல் திலாப்பியாக்கள் பளக் பளக்கென்று வாய் வைக்கும் சத்தம் கேட்டது. வீடியோ முடிந்து, விரால்களைக் கும்பிட்டுத் தண்ணீரில் விட்டான். அவை நேரே தாமரைக் கரைக்குத்தான் ஓடின. அங்கே சிவப்பு இல்லை. அதே இடத்தை இரண்டும் சுற்றிச் சுற்றி வந்தன.

சூரன்போர் முடிந்து மறுநாள் விரதம் முடிக்கிற பாறணை. அவள்தான் தமையனுக்கு இலை போட்டுப் பரிமாறினாள். “இந்த விரதத்திலை ஒரு உயிருக்கும் தீங்கு நினைக்கேல்லை,” என்று அவன் பந்தியில் சொல்ல, உறவினர்கள் தலையாட்டினார்கள். அவள் பருப்பை ஊற்றிவிட்டு நகர்ந்தாள்.

அவன் விமானம் ஏறிய பிறகு பெயிண்ட் டின்னோடு பலகைக்குப் போனாள். ‘ஐப்பசி முதல் தை வரை தூண்டிலும் கூடாது.’ பார்த்துக்கொண்டிருந்த நடராசா பெருமூச்சு விட்டார். “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், பிள்ளை.”

அடுத்த கிழமை தமையன் ஃபோன் எடுத்தான். “படம் போட்டிருக்கிறன், பாத்தனியே? சட்டத்தை மதிக்கிற மனிசன் எண்டு வெள்ளைக்காரன்கூட எழுதியிருக்கிறான். உன்ரை பலகையும் வடிவாய்த் தெரியுது.”

“பாத்தனான் அண்ணை. உங்களுக்குப் பின்னாலை, தாமரைக் கரையிலை சிவப்பாய் ஒண்டு தெரியுது, பாத்தனீங்களோ?”

“ஓம், என்ன அது, பாசியே?”

“குஞ்சுகள். அப்ப இருந்ததுகள்.”

சிவகரன் சொன்னான்: “நீ இன்னும் அதிலையே நிக்கிறாய். நான் பிடிச்ச மீன் ரெண்டும் உயிரோடைதானே போனது.”