தம்பியின் முறை

டெடெய் பிடித்த டிரம்பெட்டை விடவில்லை. பேண்டுத் தலைவர் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். பின்னால், தேவாலய வாசலில், அவள் தம்பி லாரியா மைக் வடிவச் சவப்பெட்டிக்குள் படுத்தபடி ஆட்கள் தோளில் இறங்கி வந்துகொண்டிருந்தான்.

“பாட்டுல என் தம்பி பகுதியையும் ஊதணும்.”

“அம்மா, ஒபோக்கு பாடுறதுல ராகம் இருக்கு, ஊதலாம். உங்க தம்பியோடது ராப். வெறும் பேச்சு. பேச்சை எப்படிம்மா ஊதுறது?”

“வாய் இருக்குல்ல?”

“வாயிலதானே டிரம்பெட்டை வைக்கணும்!”

அக்ராவையே ஆட வைத்த பாட்டு அது. குமாசிக்காரன் ஒபோக்கு ட்வி மொழியில் பல்லவியை இழுக்க, இந்த டேஷிப் பேட்டையில் டயர் ஒட்டுகிற லாரியா கா மொழியில் கடகடவென்று பொழிந்திருந்தான். பிறகு ஒபோக்கு பெரிய ஆளாகிவிட்டான். லாரியா டயர்களுக்கே திரும்பினான். வானொலிக்காரர்களோ அவன் முறை வருமுன்பே பாட்டைத் தேயவிட்டு விளம்பரம் போட்டுவிடுவார்கள். பெட்டி செய்த தச்சன்கூட, “டயர் மாதிரி செஞ்சிடவா?” என்றுதான் கேட்டான். அவள் போட்ட சத்தத்தில் அவன் கை உளி கீழே விழுந்தது.

இன்றும் பல்லவியை மட்டும் ஊதிவிட்டால், தம்பி குரல் இருந்த சுவடே இல்லாமல் மண்ணுக்குள் போய்விடுவான்.

கறுப்புத் துணி போர்த்திய ஒபோக்கு அருகே வந்தான். “விடுங்கக்கா, அவர் ஊதட்டும்.”

“நீ பேசாத. மேடையில என் தம்பி இடத்துல யாரைடா நிறுத்துற?”

“யாரையும் நிறுத்துறதில்லக்கா.”

“அப்போ அவன் பகுதியையே வெட்டிட்டியா?”

அவன் பதில் சொல்வதற்குள் முரசு அதிர்ந்தது; தலைவர் டிரம்பெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஊதினார். பல்லவி எழுந்தது. தூக்குபவர்கள் பெட்டியோடு குனிந்து நிமிர்ந்து ஆடினார்கள். பல்லவி முடிந்தது. டிரம்பெட் இறங்கியது. முரசு மட்டும் தனியாக ஒலித்துக்கொண்டிருக்க, டெடெய் ஒபோக்கு பக்கம் திரும்பினாள்.

அவன், மேடையில் பழகியவனைப் போல, வாயை இறுக மூடி ஓரடி பின்னால் நகர்ந்தான்.

முதலில், சோளமாவுக் கென்கி உருண்டை விற்கிறவள் லாரியாவின் வரிகளைத் தொடங்கினாள். பிறகு பெட்டியின் அடியில் வியர்த்துக்கொண்டிருந்தவர்கள். பிறகு பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகள், வண்டிகளை நிறுத்திவிட்டு ஓட்டுநர்கள், தெருவே. மூச்சு வாங்காமல், சொல் பிசகாமல், அவன் வேகத்திலேயே:

“டீசல் புகையே தள்ளிப் போ, தள்ளிப் போ, எங்கக்கா மீன் கூடையோட வர்றா!”

அந்த இடம் வந்ததும் எல்லார் முகமும் அவள் பக்கம் திரும்பியது. டெடெய் தோளில் போட்ட துணியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“கல்லறைக்கு நேரமாச்சு,” என்றார் உபதேசியார். அவர் கால் தாளத்தை விடவில்லை.

பெட்டி கல்லறைப் பக்கம் போகவில்லை. தோளில் சுமந்தவர்களை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பியது.

“பெட்டி போற வழி செத்தவன் இஷ்டம். அவனுக்குப் போக மனசில்ல, நாங்க என்ன செய்ய?” என்றான் முன்னால் பிடித்தவன்.

டெடெய் தெருவோரமாக விலகி வழி விட்டாள்.