இரும்பண்ணனின் கையெழுத்து

அந்தச் சலவைக்கூடத்தில் ஆறு பேர் வேலை பார்த்தார்கள். முதலாளியம்மாவையும் சேர்த்தால் ஏழு. விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, தேய்த்து, மடித்து அனுப்புவதுதான் தொழில். அங்கே ஈரத்துணி தூக்குகிறவரை எல்லோரும் இரும்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். துவைக்கும் இயந்திரத்தின் வாயைத் திறந்தால், தண்ணீர் குடித்துக் கனத்த விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். மற்றவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து மூச்சு முட்ட இழுப்பதை அவர் ஒரே அணைப்பில் அள்ளிக்கொண்டு போய் உலர்த்தும் இயந்திரத்துக்குள் திணித்துவிட்டு, "அடுத்தது எங்கே?" என்பார். பதினாறு வருடமாக அந்தக் கேள்விதான் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது.

ஆனால் இரண்டு வருடமாக அவருக்கு இடது தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு வீக்கம் இருந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். பாரம் தூக்கினால் எட்டிப் பார்க்கும். மருந்துக் கடைக்காரரிடம் யாருக்கோ கேட்பதுபோல ஜாடைமாடையாக விசாரித்தார். "குடலிறக்கம். ஆபரேஷன் பண்ணாம சரியாகாது" என்றார் அவர். செலவையும் சொன்னார். அதைக் கேட்டதும், அங்கேயே ஓர் அகலமான இடுப்புப் பட்டை வாங்கிக்கொண்டு இரும்பண்ணன் வீடு திரும்பினார். அன்றிலிருந்து சட்டைக்குள்ளே பட்டை, வெளியே சிரிப்பு. விஷயம் அவருக்கும் மனைவிக்கும் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை காலை, முதலாளியம்மா எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, கையில் காகிதக் கட்டோடு வந்து நின்றார்.

"மருத்துவக் காப்பீடு. இதுவரைக்கும் பெரிய கம்பெனிக்காரங்களுக்குத்தான் கட்டுப்படியாச்சு. இப்போ நம்மள மாதிரி அஞ்சு பேர், பத்து பேர் இருக்கற இடத்துக்கும் குடுக்கறாங்க. மாசாமாசம் கட்டறதுல அரசாங்கம் ஒரு பங்கு, நான் ஒரு பங்கு, நீங்க ஒரு பங்கு. உங்க வீட்டு ஆளுங்களும் அதுக்குள்ளயே வந்துடுவாங்க. ஆனா ஒருத்தர் விடாம எல்லாரும் சேரணும். நோயாளிங்க மட்டும் சேர்ந்தா திட்டம் தாங்காதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த ஃபாரம் போயாகணும்."

"ஆஸ்பத்திரியில சாப்பாடும் உண்டா மேடம்?" என்று கேட்டார் வண்டி ஓட்டுகிறவர். "உண்டுன்னா சொல்லுங்க, நான் நாளைக்கே போய் படுத்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தேய்ப்பக்கா சிரிக்கவில்லை. விரிப்புகளை இஸ்திரி போடுகிறவர் அவர். ஒன்பது வயது மகளுக்கு மூச்சிரைப்பு. காகிதத்தை வாங்கிய கையோடு இஸ்திரி மேஜைமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இரும்பண்ணன் படிவத்தை வரி வரியாகப் படித்தார். ஏற்கெனவே உள்ள நோய்கள், கட்டி, வீக்கம் இருந்தால் எழுதவும். மருத்துவப் பரிசோதனைக்கு நேரில் வரவும். அந்த இரண்டு வரிக்கு மேல் அவர் கண் நகரவில்லை. பரிசோதனை என்றால் பட்டையை அவிழ்க்க வேண்டும். பாரம் தூக்கத்தானே தன்னை வைத்திருக்கிறார்கள்? தூக்க முடியாத ஆளுக்கு இங்கே என்ன வேலை?

"எனக்கு வேண்டாம்மா," என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு தலைவலி காய்ச்சல்னு படுத்தவன் இல்ல நான். எதுக்கு வீணா?"

செவ்வாய்க்கிழமை எல்லோரும் அவரைக் கேலி செய்தார்கள். புதன்கிழமை கெஞ்சினார்கள். வியாழக்கிழமை யாரும் பேசவில்லை. டீ குடிக்கும்போது அவருக்கு இருபுறமும் பெஞ்சு காலியாகக் கிடந்தது. கடைசியில் தேய்ப்பக்காதான் எதிரே வந்து நின்றார்.

"அண்ணா, உங்களுக்கு இரும்பு உடம்பு. என் பொண்ணுக்கு அப்படி இல்லையே? இழுப்பு வந்தா அவ உதடு நீலமாயிடுது. போன தடவை டாக்டர் மூணு நாள் வச்சுப் பார்க்கணும்னார். ஊசி போட்டதும் தூக்கிட்டு வந்துட்டேன். ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏண்ணா இப்படி?"

இரும்பண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று மாலை மனைவியிடம் சொன்னபோது, அவள் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"சொன்னா வேலை போயிடும்னு பயப்படறீங்க. சொல்லாம ஒருநாள் அங்கேயே விழுந்தீங்கன்னா? அப்போ போறது வேலை மட்டுந்தானா?"

வெள்ளிக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே இரும்பண்ணன் முதலாளியம்மாவின் அறைக்குப் போனார். அந்த அம்மா கறை படிந்த விரிப்புகளைத் தனியே பிரித்துக்கொண்டிருந்தார். இரும்பண்ணன் மூலையிலிருந்த சோப்பு டப்பாவைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்மா."

"ரெண்டு வருஷமா நான் உங்களை 'இன்னும் ஒரு சுமை, இன்னும் ஒரு சுமை'ன்னு விரட்டிக்கிட்டு இருந்தேன். நீங்களும் சிரிச்சுக்கிட்டே தூக்கிக்கிட்டு இருந்தீங்க." அவர் கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "கோபம் கோபமா வருதுண்ணா. ஆனா நீங்க பயந்தது தப்புன்னு சொல்ல மாட்டேன். போன வருஷம் சொல்லியிருந்தா, 'போய்ட்டு வாங்க'ன்னு வேலையை விட்டே அனுப்பியிருப்பேனோ என்னவோ. எனக்கே தெரியல."

காப்பீட்டு அலுவலகம் திறந்ததும் திட்டத்துக்காரர்களிடம் தொலைபேசியில் பேசினார். ஏற்கெனவே இருக்கும் நோய் ஒரு தடையில்லையாம். பரிசோதனை ஆளைக் கழிப்பதற்காக அல்ல. ஆனால் இப்படிப்பட்ட அறுவை சிகிச்சைக்கு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் முதல் நாளிலிருந்தே பணம் தருவார்கள்.

"ஆறு மாசம் நீங்க எதையும் தூக்கக் கூடாது. மடிக்கற மேஜைக்கு வாங்க. சம்பளம் அதேதான்," என்றார் முதலாளியம்மா. இரும்பண்ணன் கையெழுத்துப் போட்டார்.

மடிக்கும் வேலை அவருக்கு வரவே இல்லை. அவர் மடித்த விரிப்பு, கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவன் கட்டிய மூட்டை மாதிரி இருக்கும். தேய்ப்பக்கா ஒவ்வொன்றையும் பிரித்துத் திரும்ப மடிப்பார். இரண்டாம் மாதம் அவர் மகளுக்கு இழுப்பு வந்தபோது மூன்று நாளும் முழுதாக மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த அன்று தேய்ப்பக்கா மட்டும், இரும்பண்ணன் மடித்த விரிப்புகளைப் பிரிக்காமல் விட்டுவிட்டார்.

நான்காம் மாதம், விடுதிகள் நிரம்பி வழிந்த ஒரு வாரம். பகலெல்லாம் ஓயாத வேலை. வெளியே மற்றவர்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே துவைக்கும் இயந்திரம் வேலை முடிந்து கூவிக்கொண்டே இருந்தது. பழைய கை சும்மா இருக்குமா? ஒரே ஒரு தடவைதானே என்று இரும்பண்ணன் குனிந்து அள்ளினார்.

வீக்கம் வெளியே வந்தது. இந்த முறை உள்ளே போகவில்லை. கல்லாக இறுகிவிட்டது. அவர் தரையில் சுருண்டு வாந்தியெடுப்பதைத்தான் தேய்ப்பக்கா முதலில் பார்த்தார். அழுக்கு மூட்டைகளுக்கு நடுவே வண்டியில் படுக்க வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வரவேற்பு மேஜையைப் பார்த்ததும், அந்த வலியிலும் அவர், "வேண்டாம்மா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, எவ்வளவு கேப்பாங்களோ" என்று முனகினார்.

"வாயை மூடுங்கண்ணா!" என்று அதட்டிவிட்டு, தேய்ப்பக்கா அவர் சட்டைப்பையிலிருந்த காப்பீட்டு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "அவசரம்தானே? உள்ளே கொண்டுபோங்க," என்றாள்.

குடல் மாட்டிக்கொண்டிருந்தது, இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் அழுகியிருக்கும் என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். மறுநாள் முதலாளியம்மா வந்தார். இரும்பண்ணனின் மனைவி நாற்காலியை நகர்த்திப் போட்டும் அவர் உட்காரவில்லை.

"யாரு உங்களைத் தூக்கச் சொன்னது?"

"மெஷின் நின்னுபோச்சும்மா. அடுத்த துணி காத்துக்கிட்டு இருந்துச்சு."

"காத்துக்கிட்டு இருக்கட்டும்! துணிக்கு என்ன உயிரா போகுது?" என்றவர், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டிலில் கிடந்த இரும்பண்ணன், போர்வையின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, "இதை யாரோ சரியா அலசலம்மா, சோப்பு நிக்குது" என்றார். அவர் மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் அழுகை வந்தது.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இப்போது ஈரத்துணியை யாரும் தனியாகத் தூக்குவதில்லை. ஒரு முனையை இரும்பண்ணன் பிடித்தால் மறுமுனையை வண்டிக்காரர் பிடிக்கிறார். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கிறது.

அதே தெருவிலிருந்த ரொட்டிக் கடைக்காரர் காப்பீட்டைப் பற்றி விசாரிக்க வந்தார். இரும்பண்ணன் எழுந்து சட்டையைத் தூக்கி, வேட்டியை இறக்கித் தழும்பைக் காட்டப் போனார். பெண்கள் அலறிக்கொண்டு திரும்பிக்கொண்டார்கள். தழும்பைப் பார்க்காமலே ரொட்டிக் கடையில் ஐந்து பேரும் சேர்ந்துவிட்டார்கள். இரும்பண்ணன் பக்கத்திலிருந்த சோபா தைக்கும் பட்டறைக்கும் போய்ச் சொன்னார்; பட்டறைக்காரர் மட்டும், "எங்க ஆளுங்க எல்லாம் திடமா இருக்காங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்," என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் இரும்பண்ணன் மறுபடியும் அங்கே போனார். இந்த முறை பட்டறைக்காரரிடம் போகவில்லை. நேரே தையல் மேஜைப் பக்கம் போய், வேலை செய்கிறவர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நானும் ரெண்டு வருஷமா திடமாத்தான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்" என்று ஆரம்பித்தார்.