மார்த்தாளின் வீட்டுக்காரர்

மெட்ராஸிலிருந்து வந்த இரும்புப் பெட்டியின் இழுப்பறைகளை ரைட்டர் பாண்டுரங்கன் இழுத்து இழுத்து மூடிப் பார்த்தார். வெண்ணெயாக வழுக்கின. உத்திரமேரூர் போலீஸ் ரகசியப் பிரிவு ஆபீசுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாடகை வீடு, பின்னால் ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான். ஆனாலும் பஸ் கண்டக்டர் "ரகசிய ஆபீசு எறங்கு" என்று தெருவே கேட்கக் கூவுவார். இனிமேல் ஆபீஸ் கண்காணிக்கிற ஆட்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சீட்டு. பழைய கட்டுகளைப் புரட்டித் தும்ம வேண்டியதில்லை. பாண்டுரங்கனுக்குப் பெருமை பிடிபடவில்லை. நல்ல நேரம் பார்த்து முதல் சீட்டை எழுதினார். அது ஐசக்குடையது.

அறுப்புக் கூலியை ஏற்றச் சொல்லிச் சாலவாக்கம் பக்கம் கூட்டம் போடுகிறவர் ஐசக். பாண்டுரங்கன் ஜனத்தோடு ஜனமாக நின்று அந்தப் பேச்சைக் குறிப்பெடுக்க வேண்டும் என்பது விதி. ஐசக்கோ அவருக்கு ஒரு ஸ்டூல் போடச் சொல்லுவார். ஆவேசமாகப் பேசிக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்தி, "இருங்க, ரைட்டரு எழுதி முடிக்கட்டும்" என்பார். ஜனமும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். இந்த மரியாதையைப் பாண்டுரங்கன் மேலிடத்துக்கு எழுதியதில்லை.

பெட்டியோடு ஓர் உத்தரவும் வந்திருந்தது. தற்காலிக ஊழியர்களைப் பற்றி அவர்களுக்கே தெரியாமல் விசாரிக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் வேலை நிரந்தரம். பெட்டியில் சீட்டு உள்ள ஆட்களுக்குச் சொந்தக்காரர் என்றால் நீக்கிவிட வேண்டும். அந்த ஆபீசில் தற்காலிகம் மார்த்தாள் ஒருத்திதான். பெருக்கித் துடைப்பாள். சாயங்காலம் குப்பைக் கூடையின் காகிதங்களை முருங்கையடியில் கொட்டிக் கொளுத்துவாள். தண்ணீர்ப் பானையை மட்டும் தொடமாட்டாள். தொடாதே என்று யாரும் சொன்னதில்லை. தொடு என்றும் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று புருஷன் பெயரைக் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். புருஷன் பெயரை எந்தப் பெண்பிள்ளை வாயால் சொல்வாள்? நல்ல மரியாதைக்காரி என்று மெச்சி, அப்பன் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஊரார் வாயையெல்லாம் பிடுங்குகிற ஆபீஸ் அதோடு விட்டுவிட்டது.

பாண்டுரங்கன் முண்டாசு கட்டிக்கொண்டு, கன்றுக்குட்டி வாங்க வந்தவராகச் சேரிக்குள் நுழைந்தார். மார்த்தாள் வீட்டை விசாரித்தார். காட்டிய கூரைக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்தவர் ஐசக்.

"இன்னா ரைட்டரே, முண்டாசெல்லாம்? இன்னிக்கிக் கூட்டம் இல்லியே."

"மார்த்தாள் வீடு..."

"இதான். எங்க வூட்டுக்காரிதான்."

பாண்டுரங்கன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஐசக் தண்ணீர் கொண்டுவந்தார். நீட்டலாமா என்று தயங்கினார். பாண்டுரங்கன் கையை நீட்டி வாங்கிக் குடித்தார். வெயில் அதிகம் என்று தனக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். பிறகு உத்தரவைப் பற்றி மறைக்காமல் சொன்னார்.

"எனக்கு எந்த ஆண்டையும் வேல குடுக்கறதில்ல" என்றார் ஐசக். "அவ சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. கூட்டத்துக்கு வெளக்கெண்ண வாங்கறதும் அதுலதான்." காலிச் சொம்பை வாங்கிக் கீழே வைத்தார். "நான் வோணா பேசறத நிறுத்திக்கட்டா?"

அந்தக் குரல் இப்படி இறங்கிப் பாண்டுரங்கன் கேட்டதில்லை.

"நீ பேசுய்யா. நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று திரும்பும் வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

ஆபீசுக்கு அவரை முந்திக்கொண்டு சேதி வந்திருந்தது. "கன்னுகுட்டி படிஞ்சிதா சார்?" என்றாள் மார்த்தாள். கேலிதான், ஆனால் முகத்தில் சிரிப்பில்லை. அவர் பெட்டியைத் திறந்தார். முதல் சீட்டை உருவினார், குப்பைக் கூடையில் போட்டார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மார்த்தாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

போனவள் திரும்பி வந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கையில் அந்தச் சீட்டு. முந்தானையால் துடைத்து மேஜைமேல் வைத்தாள்.

"பொட்டியிலியே வெச்சிடுங்க சார். நாளைக்கி மேலருந்து கேட்டா உங்க வேலயும் பூடும்." கூடையைக் கீழே வைத்தாள். "சர்க்கார் பொட்டியில மொத சீட்டு தன்னுதுன்னு அவுரு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. நான்தான் அவுருகிட்ட சொன்னேன். இப்ப இல்லன்னா ஒடிஞ்சி பூடுவாரு."

பாண்டுரங்கனுக்குச் சிரிப்பு வந்தது. விசாரணைத் தாளை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார். ஆபீஸ் குரலை வரவழைத்துக்கொண்டு கேட்டார்.

"உன் வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

மார்த்தாள் அவரையே பார்த்தாள். பிறகு, வேலைக்குச் சேர்ந்த அன்றுபோலவே, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

பேனா தாளின்மேல் நின்றது. பிறகு, முன்போலவே, அப்பன் பெயரை எழுதியது.

"அந்தப் பானையில கொஞ்சம் தண்ணி மொண்டு குடு, மார்த்தாள்."

அவள் பானையைப் பார்த்தாள். கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து மொண்டாள். மேஜைமேல் சீட்டு காற்றில் படபடத்தது. பறந்துவிடாமல் தம்ளரை அதன்மேல் வைத்துவிட்டுக் கூடையோடு வெளியே போனாள். முருங்கையடியில் புகை எழும்பியது. பாண்டுரங்கன் தம்ளரை எடுத்தபோது, ஐசக் என்ற பெயரைச் சுற்றி ஈரம் வட்டமாகப் பதிந்திருந்தது.