மேட்டுச் சேறு

தானே புயல் அடித்த ராத்திரி சுரங்கத்தில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டுச் சேறு ஓடை வழியாக வந்து வீட்டுக்குள் முட்டியளவு நின்றது. அரிசிக் குண்டான், பாப்பாவின் புத்தகப்பை எல்லாம் அதற்குள் போயிற்று. மறுநாளே வெண்மதி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்து அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். "சேறு வராத வருசம் சொல்லு, வர்றேன்" என்றாள். சண்டை போட்டிருந்தால்கூடப் புருசன் மருதமுத்துவுக்குத் தேவலாம் போலிருந்தது.

அதனால்தான், வேலை முடிந்து மூடிப்போட்ட அந்தச் சுரங்கத்து மேட்டில் வெட்டிவேர் நட ஆள் எடுக்கிறார்கள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றான். மேட்டு மண் கரைந்து ஓடைக்கும் ஏரிக்கும் போகாமல் பிடித்து நிறுத்தணும். மற்றவர்களுக்கு அது கான்ட்ராக்ட் கூலி. அவனுக்கு வெண்மதி திரும்பிவர ஒரு வழி.

ஆசையே அவசரப்படுத்திவிட்டது. நெல்லிக்குப்பம் பக்கம் பத்து வருசம் கரும்பு நட்ட கை. மண்ணை நீளக் கரையாக அணைத்துப் பார் பிடிக்கிற பழக்கத்தில் மேலேயிருந்து கீழே நேர்க்கோடாக நட்டுக்கொண்டே இறங்கிவிட்டான். ஆடியில் பெய்த ஒரே மழை, வரிசைக்கு நடுவே வாய்க்கால் பறித்து நாற்றையும் மண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கூட வேலை செய்கிற தனகோட்டி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாடா இது, தண்ணிக்கு ரோடு போட்டு வச்சிருக்க?"

"கை பழக்கம்க்கா."

"பொண்டாட்டிய நெனச்சிக்கினே நட்டா இப்படித்தான். குறுக்க நடு, படிக்கட்டு மாதிரி."

மிஞ்சியதைப் பிடுங்கிச் சரிவுக்குக் குறுக்கே இடுக்கில்லாமல் நட்டான். ஷிப்ட் முடிந்து ஆட்களெல்லாம் பஸ் ஏறிப்போன பிறகும் நட்டான். ஆனால் வேர் இறங்க நாள் வேண்டுமே.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நாலாம் நாள் காலையில் வெண்மதியே போன் செய்தாள்.

"வூட்ல சேறு வந்துச்சா?"

வரலை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவாள். பாப்பா ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். தரையில் பாய் விரித்து மூன்று பேரும் படுக்கலாம். அந்தத் தரையைத்தான் அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வந்துச்சு" என்றான். "கணுக்கால் வரைக்கும். மேல் வரிசை அப்படியே நிக்குது. கீழ லேட்டா நட்டதுதான் பிடுங்கிக்கினு போச்சு."



"முட்டியிலேர்ந்து கணுக்காலுக்கு எறங்கியிருக்கு" என்றாள்.

"ஆமா."

"வரலன்னு பொய் சொல்லி கூப்புட்டுடுவியோன்னு பயந்துக்கினே இருந்தேன். பிடுங்கிக்கினு போன எடத்துல மறுபடியும் நடு."

வைத்துவிடுவாள் என்று நினைத்தான். வைக்கவில்லை. போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்த்து முடிக்கிறவரைக்கும் மருதமுத்து அதைக் கேட்டுக்கொண்டே சேற்றில் நின்றான்.