ஏரியின் மறுபாதி

எனக்குக் கோவம் ஜாஸ்தி. ஊருக்கே தெரியும். தாஜ் நிஷா பயந்து வாய மூடிக்கினதுக்கும் அதுதான் காரணம். நான் ஒரு நிமிஷம் காது குடுத்துக் கேட்டிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது.

நானும் தாஜும் வில்லியனூர்ல ஒரே பெஞ்ச். கல்யாணம் ஆயி அவ போனது கண்டமங்கலம், நான் வந்து சேந்தது பாகூர். சென்னைல பதினெட்டு வருஷம் புரோகிராம் எழுதிட்டு, இப்ப பாகூர்ல சர்ட்டிஃபிகேட்டுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணித் தர்ற கடை வச்சிருக்கேன். கடைக்கு வர்றவங்க ஜெயசுதா மேடம்னு கூப்பிடுவாங்க, தாஜுக்கு நான் சுதாதான்.

சக்கரை வியாதி தாஜோட வலது கண்ணைப் போன வருஷமே தின்னுடுச்சி. இடது கண்ணுல எல்லாமே புகை. ஆள் மூஞ்சி தெரியாது, பேப்பர் தெரியாது. கறுப்பு மேல வெள்ளைக் கோடு தடியா போட்டா மட்டும் தெரியும். அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன்னு ஒரு செவ்வாக்கிழமை குறிச்சாங்க. அதுக்குள்ள திரை போட்ட மாதிரி பாதி மறைச்சிட்டா அப்புறம் பலன் கம்மின்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

அவ என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. "எங்க மாமா குடுத்த கம்ப்யூட்டர்ல ஏரோபிளேன் ஓட்டணும்டி. கோடு கோடா வருமே, அந்த கேம். அதுன்னா என் கண்ணுக்குத் தெரியும்."

எம்பத்தாறுல அவ மாமா பாரீஸ்லேருந்து கொண்டாந்த பிரெஞ்சு மெஷின் அது. டிவில மாட்டி, கேசட்லேருந்து கேமை ஏத்தணும். அதோட மொத்த மெமரில இப்ப ஒரு வாட்சப் ஃபோட்டோ கூட அடங்காது. அவ கேட்ட கேமோ வேற மெஷினுக்கு எழுதினது. ரெண்டு சிப்புக்கும் பாஷையே வேற, வரிக்கு வரி மாத்தி எழுதணும். நாலு மாசம் மல்லுக்கட்டினேன். அந்தச் சிப்பு கூட்டிக் கூட்டித்தான் பெருக்கும், அவ மாமா மெஷினுக்கு நேராவே பெருக்கத் தெரியும். அந்த ஒரு விஷயத்துலதான் என் மானம் தப்பிச்சது.

அதுக்கு நடுவுல இவ ஒரு குண்டு போட்டா. "எவனோ ஊரு மேல நான் ஏன் பறக்கணும்? நம்ம ஊரைப் போடு."

கடைச் சுவத்துல புதுச்சேரி மேப் மாட்டியிருக்கேன், கொம்யூன் கொம்யூனா, அதான் பஞ்சாயத்து வாரியா, கலர் அடிச்சது. ஸ்கேல் வச்சி அளந்து கிராஃப் பேப்பர்ல புள்ளி வச்சேன். வில்லியனூர் கோபுரம், ஊசுட்டேரி, மதகடிப்பட்டு கூட்டு ரோடு, பாகூர் ஏரி. கடைசில மெமரில துளி இடம் மிச்சம் இருந்துச்சி. அதுல என் வூட்டையும் வாசல் தென்னமரத்தையும் வச்சிட்டு, தாஜ்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினேன். ஓட்டிப் பாத்தது எல்லாம் பாகூர்ல ஏறி பாகூர்லயே எறங்கறதுதான்.

சனிக்கிழமை மத்தியானம் கேசட்டைக் கண்டமங்கலத்துக்குக் கொண்டு போனேன். அவ வூட்டு டிவில ஒயரு லொடலொடன்னு கெடந்துச்சி, உட்டா படம் போயிடும். டிவிக்குப் பின்னாடி குந்திக்கினு நான் ஒயரைப் புடிச்சிக்கினு இருந்தேன். வில்லியனூர்ல கெளம்பினவ சின்னப் பொண்ணு மாதிரி சிரிச்சா.

"சுதா, கோபுரம் தெரியுதுடி. ஊசுட்டேரியும் தெரியுது."

"தெரியணும்ல, நாலு மாசம் ஒழைச்சிருக்கேன்."

அப்புறம், "ஏரி பாதிதான்டி தெரியுது" அப்படின்னா.

"தெரியறதைப் பாத்து ஓட்டுடி. இங்க எனக்குக் கை கழண்டு போவுது."

"எங்க வூட்டுப் பக்கம் ஒரே கறுப்பா இருக்கு."

"தாழப் பற, தெரியும்."

அவ போதும், டீ குடிக்கலாம்னு எழுந்து போயிட்டா. இவ்ளோ கஷ்டப்பட்டிருக்கேன், ஒரு வார்த்தை நல்லா சொன்னாளா பாருன்னு கறுவிக்கினே நான் வூடு வந்து சேந்தேன்.

ஞாயித்துக்கிழமை காலைல அவ பொண்ணு ஷிபானா ஃபோன் பண்ணிச்சி. "பெரிம்மா, அம்மா ஆபரேஷன் வாணாங்கறாங்க. பாதி மறைச்சிடுச்சாம். இனிமே இன்னாத்துக்கு அறுத்துக்கணும்னு ராத்திரியெல்லாம் அழுகை."

வந்துச்சி பாரு எனக்கு. நேர்லயே நாலு கேள்வி கேக்கறேன்னு ஸ்கூட்டியை எடுத்தேன். வில்லியனூர் தாண்டி, எல்லைக்கு முந்தின கடைசி பங்க்ல வண்டி தானா நின்னுச்சி. எங்க பக்கம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். தமிழ்நாட்டுக்குள்ள போறதுன்னா இந்தாண்டயே டேங்கை ரொப்பிக்குவோம், அந்தாண்ட வெலை ஏறிடும். பெட்ரோல் போட்டுக்கினே எதிர்ல பாத்தேன். 'தமிழ்நாடு அரசு'ன்னு போர்டு.

மீதிச் சில்லறையைக் கூட வாங்காம அந்தப் போர்டையே பாத்துக்கினு நின்னேன்.

என் கடை மேப்புல தமிழ்நாடு வெறும் வெள்ளை. வெள்ளைல அளக்க இன்னா இருக்கு? நான் அளக்கல. ஊசுட்டேரி பாதி நம்மளுது, பாதி அவங்களுது. கண்டமங்கலம் முழுக்க அவங்களுது. பெட்ரோலுக்கு ஞாபகம் வர்ற எல்லை புரோகிராம் எழுதறப்ப வரல. முப்பது வருஷமா அவ வூட்டு பிரியாணியைத் தின்னுட்டு, அந்த வூட்டை மேப்புலயே இல்லாம பண்ணியிருக்கேன். எனக்கே என்னை அறையணும் போல இருந்துச்சி.

ஓடிப் போய்ச் சொன்னேன். "உன் கண்ணு போவலடி. நான்தான் பாதி ஏரியை உட்டுட்டேன்."

அவ சுவத்தைப் பாத்துக்கினு படுத்திருந்தா. "ஏன்டி, எனக்காகப் பொய் சொல்லக் கூட கத்துக்கினியா? உனக்கு வராதுடி அது."

எவ்ளோ சொல்லியும் நம்பல. சரி, கண்ணாலயே பாரு. நீ நாளைக்கு கேன்சல் பண்ணிக்கோ, இன்னைக்கு எதுவும் பண்ணாதேன்னு சத்தியம் வாங்கிக்கினு வந்தேன். ஃபோன்ல மேப்பைத் தொறந்து, ஏரியோட மறுபாதியையும் கண்டமங்கலத்தையும் அளந்து எழுதினேன். மெமரி ரொம்பிடுச்சி. அவ வூட்டுக்குன்னு பாத்தா துளி எடமில்ல. கோபுரத்தை எடுக்க முடியாது, ஏரியை எடுக்க முடியாது. என் வூட்டை எடுத்தேன், தென்னமரத்தோட. அந்த எடத்துல அவ வூட்டு மாடியும், மேல எப்பவும் ஒழுவற தண்ணி டேங்கும் வந்துச்சி.

திங்கக்கிழமை சாயந்திரம் ஒயரைப் புடிக்க ஷிபானாவைக் குந்த வச்சிட்டு நான் தாஜ் பக்கத்துலயே உக்காந்தேன். வில்லியனூர்ல கெளம்பினா. கோபுரம் வந்துச்சி. ஏரி வந்துச்சி. பக்கத்துல போய் இந்தக் கரைலேருந்து அந்தக் கரைக்கு விமானத்தை ஓட்டினா, திரும்பியும் ஓட்டினா.

"முழுசா இருக்குடி" அப்படின்னு சொன்னா. சொல்லிட்டு அழுதா, நானும் அழுதேன்.

அப்புறம் கண்டமங்கலம். டேங்கைப் பாத்ததும், "இது ஒழுவுதுன்னு கோடு போட்டியா?"ன்னு கேட்டா. பழைய தாஜ் திரும்பி வந்துட்டா. மாடியை நாலு சுத்து சுத்திட்டு, "இரு, உன் வூட்டுக்கு வர்றேன்"னு தெக்கால திருப்பினா. பாகூர் ஏரி வந்துச்சி. கரையோரமா தேடினா, தாழ எறங்கித் தேடினா.

அவ விரல் கீபோர்டு மேல அப்படியே நின்னு போச்சி. "சுதா, தென்னமரத்தோட வச்சேன்னியே. எனக்குத் தெரியலடி."

தேத்தறதுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் பொய் வராதே. "கண்ணுல ஒண்ணுமில்லடி. உன் வூட்டுக்கு எடம் பத்தல, என்னுத எடுத்துட்டேன்."

அவ விமானத்தை அந்த வெத்து எடத்து மேல ஒரு சுத்து சுத்தினா. அப்புறம் ஷிபானாவைக் கூப்பிட்டு, நாளைக்கு எத்தினி மணிக்குக் கெளம்பணும்னு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டுக் கேக்கச் சொன்னா.

என் பக்கம் திரும்பி, "கட்டுப் பிரிச்சதும் உன் வூட்டை இருந்த எடத்துலயே வச்சிடு. என் வூட்டை எடுத்துடு. அதை நான் நேராவே பாத்துக்கறேன்" அப்படின்னா.