ரூபிடியம் சொன்ன மணி

"உசுரு பிரிஞ்சப்ப மணி என்ன, சரியாச் சொல்லுங்க" என்று பஞ்சாங்கத்தை மடியில் விரித்தபடி, ஊருக்கு நாள் பார்க்கும் ராக்கப்பன் இரண்டாம் முறையாகக் கேட்டார். தன் அண்ணன் சீனிச்சாமியின் தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்த நாகராஜின் விரல்கள் முடிச்சில் நின்றன.

"பத்து நாப்பத்து நாலு" என்றாள் இறந்தவரின் மனைவி சந்தனம்மாள். "தண்ணி கேட்டாக. ரெண்டு மடக்கு குடிச்சாக. தல சாஞ்சிருச்சு. நிமுந்து பாக்கேன், எதுக்க அந்தப் பெட்டில செவப்பா பத்து நாப்பத்து நாலு."

கூடியிருந்தவர்கள் மேசையைப் பார்த்தார்கள். கடிகாரப் பெட்டி தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பத்து நாப்பதோட திருவோணம் முடிஞ்சிருச்சு" என்றார் ராக்கப்பன். "இது அவிட்டம். அடைப்பு. ஆறு மாசம்."

"நாலு நிமிசந்தானே மாமா" என்றது வாசல் பக்கம் ஒரு குரல்.

"ரேடியோக்காரர் வீட்டுல நிமிசத்துக்குப் பேரமா? அந்தப் பெட்டி தப்பாது."

அடைப்பு நட்சத்திரத்தில் செத்தால் பிணம் தலைவாசல் வழியாகப் போகக் கூடாது. சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உயிர் போன அறையைப் பூட்டி ஆறு மாதம் விளக்கேற்ற வேண்டும். நல்ல காரியம் எதுவும் அந்த வீட்டில் நடக்காது. சீனிச்சாமியின் மகள் கயலுக்கு ஏழாம் மாதம். கார்த்திகையில் இந்த வீட்டில்தான் பிரசவம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

நாகராஜ் முடிச்சை இறுக்கினார்.

அவர் சின்னமனூரில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தித் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் மார்க்கையன்கோட்டைக்கே மணி சொன்னவர். யாராவது மணி கேட்டால் உடனே சொல்ல மாட்டார். சட்டைக் கையை மடித்து, கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி, ஒரு விநாடி காத்திருந்து, விநாடி முள்ளோடு சேர்த்துச் சொல்வார். கேட்டவன் அதற்குள் பேருந்தைத் தவறவிட்டதும் உண்டு. அணுவைப் பற்றி அவர் பாடம் நடத்தினார். பத்தாவதில் தோற்றுத் தொலைபேசித் துறையில் கம்பம் ஏறிய அண்ணனோ அணுவை விலைக்கு வாங்கி மேசை மேல் வைத்தார்.

செல்போன் கோபுரத்திலிருந்து கழித்துப்போட்ட, ரூபிடியம் அணுவின் அதிர்வை வைத்து நொடி அளக்கும் பெட்டி அது. அண்ணனைப் போலவே வீட்டு ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேசும் ஹாம் நண்பர் ஒருவர் மூலம் போன தை மாதம் வந்தது. தன் ரேடியோவின் அலைவரிசை இம்மியும் நகராமல் நிற்க வேண்டும் என்பது சீனிச்சாமியின் ஆசை. தொட முடியாத அளவுக்குச் சூடாகும் பெட்டியைத் தடித்த அலுமினியத் தகட்டில் முடுக்கினார். மின்வெட்டுக்கு அசராமல் இருக்க இரண்டு டிராக்டர் பேட்டரிகளைக் கோத்தார். உள்ளே விளக்கு சூடேறி நிலைப்பட்டதும் 'லாக்' என்ற பச்சைப் புள்ளி எரிந்தது. பார்க்கக் குமுளியிலிருந்து ஒரு மலையாளி வந்தார். மதுரையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. படத்தின் ஓரத்தில் நாகராஜின் முழங்கை மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் பெட்டியோடு ஒரு கடிகாரத்தையும் இணைத்துவிட்டு அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, இது நொடிய அளந்து போடுறதுல தப்பாது. ஆனா மணி என்னன்னு இதுக்குத் தெரியாது. நம்மதான் சொல்லி ஓட விடணும். ஒன் வாச்சுல எம்புட்டு?"

நாகராஜின் கடிகாரத்தில் ஆறு பதிமூன்று.

"ஆறு இருபது" என்றார். அன்றைக்கு விநாடி சொல்லவில்லை.

நாலு பேர் கூடும்போது 'அணுக் கடிகாரம் ஏழு நிமிடம் பிசகு' என்று சொல்லிச் சிரிக்கலாம் என்பதுதான் திட்டம். அதற்குள் ஊரே கைபேசியில் தானாக வரும் மணியைக்கூட அந்தப் பெட்டியைப் பார்த்துத் திருத்திக்கொண்டது. பேருந்து ஏழு நிமிடம் தாமதம் என்று ஓட்டுநரிடம் சண்டை போட்டார்கள். தொலைக்காட்சிச் செய்தி ஏழு நிமிடம் பிந்துவதற்குக் கேபிள்காரனைத் திட்டினார்கள். கடைசியில், "சார் வாச்சுக்கு வயசாயிருச்சு" என்றார்கள்.

சுவரை உடைக்கக் கொத்தனார் ஒச்சாண்டி கடப்பாரையோடு வந்துவிட்டான்.

நாகராஜ் எழுந்தார். "அந்தப் பெட்டி ஏழு நிமிசம் கூட ஓடுது. சரியான மணி பத்து முப்பத்தேழுதேன். என் வாச்ச வேணாப் பாருங்க."

ஒருவரும் பார்க்கவில்லை. "சார்" என்றார் ராக்கப்பன், அலுப்போடு. "இருந்த வரைக்கும் போட்டி போட்டீக. போன பெறகுமா?"

பின்சுவரில் கடப்பாரை விழுந்தது. ஜன்னலுக்குக் கீழே இரண்டு செங்கல் பெயர்ந்து வெளியே உருண்டன. வயிற்றில் கை வைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்த கயல், "சித்தப்பா, அப்ப நா எங்கன போயிப் பெத்துக்கிறது?" என்றாள். அழாமல் கேட்டாள்.

மேசையில் ரேடியோவுக்குப் பக்கத்தில் நீள நோட்டு ஒன்று கிடந்தது. யாரோடு பேசினாலும் லைசன்ஸ்காரர் மணி போட்டு எழுதி வைக்க வேண்டிய நோட்டு. வெளியூர்க்காரர்களோடு பேசிய மணி எப்படிப் பொருந்தியிருக்கும் என்று அப்போதுதான் நாகராஜுக்குத் தோன்றியது. எடுத்துப் புரட்டினார்.

பக்கத்துக்குப் பக்கம் மணி எழுத இரண்டு கட்டங்கள்: பெட்டி மணி ஒன்று, கழித்த மணி ஒன்று. இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஏழு நிமிடம். தை மாதத்து முதல் வரிக்கு வந்தார். அண்ணனின் குண்டு எழுத்து:

'தம்பி மணி 6.20. ரேடியோவில் தில்லி நேரக்குறி கேட்டேன், 6.13. மாற்ற வேண்டாம்.'

அந்தக் கடைசி இரண்டு சொற்களை நாகராஜ் மறுபடி படித்தார். ஏழு மாதம். தினமும் சாயங்காலம் இந்த அறைக்கு வந்து அண்ணன் கொடுத்த காப்பியைக் குடித்திருக்கிறார்.

கடப்பாரை மறுபடி ஓங்கியது.

"நிறுத்துடா" என்றார். நோட்டை உயர்த்திப் பிடித்தார். "இங்கன கேளுங்க. அண்ணனே எழுதி வச்சிருக்காக. பெட்டி மணி ஆறு இருபது. தில்லி மணி ஆறு பதிமூணு. ஏழு நிமிசம் கூட. நேத்து வரைக்கும் கழிச்சுத்தேன் எழுதிருக்காக."

ராக்கப்பன் நோட்டை வாங்கவில்லை. பஞ்சாங்கத்தில் விரலை மேலும் கீழும் ஓட்டினார். "பத்து முப்பத்தேழா? அப்ப திருவோணம். அடைப்பு இல்ல. வாசல் வழியாவே எடுங்க." பிறகு சந்தனம்மாள் பக்கம் திரும்பி, "என்ன மனுசன் பாத்தியாத்தா. போயிம் கணக்காச் சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றார்.

"ஆமா" என்றார்கள் நாலைந்து பேர். "அவர மாதிரி வருமா?"

நாகராஜ் இன்னும் நோட்டைப் பிடித்தபடி நின்றார். பக்கத்தில் எழுந்து வந்த கயலின் மூச்சு முழங்கையில் பட்டது. அவள் அந்த முதல் வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். முடிவு வரை படித்தாள். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நோட்டை அவர் கையிலிருந்து எடுத்து, மூடி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

வாசலில் தப்பு முழங்கத் தொடங்கியது. பாடை கட்ட மூங்கில் இறங்கியது. எல்லாரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள்.

நாகராஜ் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். ஒச்சாண்டி பீடி பற்றவைத்திருந்தான். "விடுங்க சார், நாளைக்கு வந்து பூசித் தாரேன்" என்றான்.

அவர் வெள்ளை வேட்டியோடு குத்தவைத்து, கீழே கிடந்த ஒரு செங்கல்லை எடுத்து ஓட்டையில் செருகினார். அரை விரல் அளவு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. உருவி, திருப்பிப் போட்டு, உள்ளங்கையால் தள்ளினார். அப்போதும் போகவில்லை.